பாக்குத்தோப்பில் தூங்கிய பங்காளிகள்

கோயம்புத்தூரில் டாக்ஸி ஓட்டுகிறவர்கள் சாயங்காலமானால் ஒருவர் பலராகப் பிரிய ஆரம்பித்தது ஒரு தீபாவளி சமயத்தில், ஐப்பசி மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த வாரத்தில். பீளமேட்டில் ஆபீஸ் விட்ட கூட்டமும் காந்திபுரத்தில் துணி எடுத்துத் திரும்புகிற கூட்டமும் ஸ்டேஷனுக்கு ஓடுகிற கூட்டமும் ஒன்றுபோல ரோட்டோரம் நின்று, ஒன்றுபோல போனைத் தேய்த்து, டாக்ஸி வேண்டும், டாக்ஸி வேண்டும் என்று ஒரே மூச்சில் மனசுக்குள் கேட்டபோது அது நடந்தது. முதலில் பிரிந்தவன் நாச்சிமுத்து. லட்சுமி மில் சிக்னலில் சிவப்புக்கு நின்றவன், பச்சை விழுந்ததும் நேராகவும் போனான், இடப்பக்கமும் திரும்பினான், வலப்பக்கமும் திரும்பினான். மூன்று வண்டியிலும் அதே நம்பர், கண்ணாடிக்குக் கீழே அதே எலுமிச்சம்பழம், பின்கதவில் அதே கீறல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதே நாச்சிமுத்து. அங்கே நின்றிருந்த டிராஃபிக் கான்ஸ்டபிள் அதைப் பார்த்தார், மழைக்கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார், அடுத்த பக்கத்து வண்டிகளுக்குக் கை காட்டினார். அந்த நேரத்தில் அவருக்கு இருந்த வேலைக்கு, ஒரு வண்டி மூன்றானதைப் பற்றி யோசிக்க முடியாது.

அந்த வாரம் முடிவதற்குள், ஒரு வீட்டில் ஒருவருக்குச் சளி பிடித்தால் எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி, ஊரில் இருந்த எல்லா டாக்ஸிக்காரர்களுக்கும் அது வந்துவிட்டது. எத்தனை பேர் ரோட்டில் நிற்கிறார்களோ அத்தனை பேராகப் பிரிவார்கள். கூட்டம் குறையக் குறைய, போன் அதைச் சொல்லச் சொல்ல, சவாரியை இறக்கிவிட்டவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, கண்ணாடியில் வழிகிற இரண்டு மழைத்துளிகள் தொட்டதும் ஒன்றாவதுபோல, முன்னால் போகிற தங்கள் வண்டிக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். வீட்டில் சோறு போடுகிற நேரத்துக்கு வாசலில் ஒரே வண்டி, ஒரே ஆள். பிரிந்த ஆட்களைப் பங்காளி என்று சொல்லிக்கொண்டார்கள். "எம்பட பங்காளி ஒருத்தன் சூலூர்ல மாட்டிக்கிட்டானுங்க, அவன் வந்துட்டா வூட்டுக்குப் போயிருவேன்" என்று ஒருவர் டீக்கடையில் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்குவதில்லை.

ஊர் பழகிக்கொண்டது. டீக்கடைகளில் கூடுதலாகக் கிளாஸ் வாங்கி வைத்தார்கள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் நாலு கடையில் டீ குடித்துவிட்டு ராத்திரி வயிறு புளித்துக்கொண்டு வருகிறது என்று சொன்னபோது, நாலு கடைக்காரர்களும் தங்கள் பாலில் குறையில்லை என்று சத்தியம் செய்தார்கள். ஒரு லைசென்ஸில் எத்தனை பேர் ஓட்டலாம் என்று கேள்வி எழுந்து, அட்டையில் இருக்கிற முகமும் ஓட்டுகிற முகமும் ஒன்றாக இருந்தால் போதும் என்று முடிவானது. கோட்டைமேட்டுச் சிக்கந்தர், நாச்சிமுத்துவோடு ஒரே ஸ்டாண்டில் பல வருஷமாக வண்டி போடுகிறவன், மஃரிப் நேரத்தில் பள்ளிவாசலில் ஒருவனாகத் தொழுதுகொண்டும் ரோட்டில் பலராக ஓட்டிக்கொண்டும் இருந்ததால், ஒருவன் தொழுதது மற்றவர்களுக்கும் சேருமா என்று அங்கே தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டான். "ஓட்டுறவங்க யாரையும் வையாம ஓட்டுனா சேரும்" என்றார் அவர்.

வீடுகளில் பெண்கள் கேட்டது ஒரே கேள்வி: திரும்பி வருகிறவர் அவர்களில் யார்? எல்லோரும்தான் என்று ஆண்கள் சொன்னார்கள். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாதவள் நாச்சிமுத்துவின் மனைவி மயிலாத்தா. "இத்தன பேரு ஒண்ணாச் சேந்து வர்றீங்க, அப்புறம் ஏனுங்க ஒருத்தர் பேசற அளவுக்குக்கூடப் பேச மாட்டேங்கறீங்க?" என்று தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள். நாச்சிமுத்து சோற்றைப் பிசைந்தான். அவன் நாள் முழுக்கப் பேசியிருந்தான். ஒரு வண்டியில் ஒரு பெண் தன் அண்ணனோடு போட்ட சண்டையையும், இன்னொன்றில் ஒரு கிழவர் அறுவைச் சிகிச்சைக்குப் பயந்ததையும், மற்றொன்றில் புதுசாகக் கல்யாணமானவர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் வந்ததையும் ஒரே காதில் வாங்கி வந்திருந்தான். கண்ணை மூடினால் ஒரே கை இடப்பக்கமும் வலப்பக்கமும் ஸ்டியரிங்கை ஒடித்தது.

ஊருக்கு இது நல்ல காலம்தான். டாக்ஸிக்குக் காத்திருப்பது என்றால் என்னவென்றே ஜனங்களுக்கு மறந்துபோனது. ரயில் பிடிக்கிறவர்கள் கடைசி நிமிஷத்தில் கிளம்பினார்கள், வண்டி வாசலில் நின்றது. முன்பு முன்னே பின்னே ஆட்களை விட்டுக்கொண்டிருந்த ஆபீஸ்களெல்லாம் எல்லோரையும் ஒரே மணியில் விட்டன, அத்தனை பேருக்கும் வண்டி நின்றது. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர்களும், நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருந்தவர்களும், வண்டிதான் வருகிறதே என்று கூப்பிட்டார்கள். கூப்பிடக் கூப்பிட டாக்ஸிக்காரர்கள் பிரிந்தார்கள். பிரியப் பிரிய ஜனங்கள் கூப்பிட்டார்கள். கூட்டமான நேரத்துக்கு என்று முன்பு வாடகை ஏறும். இப்போது யாரும் நிற்கவில்லை என்பதால் அதுவும் ஏறவில்லை. போனில் சவாரி அனுப்புகிற கம்பெனியின் வரைபடத்தில், சாயங்காலமானால் கூட்டத்தால் சிவந்து கிடந்த ஊர், இப்போது எந்நேரமும் பச்சையாக, நாற்று விட்ட வயல் மாதிரி இருந்தது.

பிரிந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்தார்கள், களைப்பு மட்டும் அப்படிச் சேரவில்லை. ஒவ்வொரு பங்காளியும் தன் முதுகுவலியையும் தன் கண்ணெரிச்சலையும் தனித்தனியாகக் கொண்டுவந்து அந்த ஒரே உடம்பில் இறக்கிவிட்டுப் போனான். பலர் தூங்க வேண்டிய தூக்கத்தை ஒருவன் ஒரே ராத்திரியில் தூங்க முடியாது. தூங்காத தூக்கம் நாளுக்கு நாள் சேர்ந்து, மூட்டை மூட்டையாகக் குவிந்து, கடைசியில் அதைச் சுமப்பதற்கே ஒரு பங்காளி தேவைப்பட்டான் என்று பிற்பாடு டாக்ஸிக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். அது சரியோ தப்போ, நாச்சிமுத்துவுக்கு நடந்தது இதுதான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு சாயங்காலம், அவனுடைய பங்காளி ஒருவன், காட்டிலாகாவில் வேலை பார்க்கிற ஒருவரை ஏற்றிக்கொண்டு, பேரூர், ஆலாந்துறை தாண்டி, மலையடிவாரத்தில் கூத்தாண்டிப்பாறை என்கிற இடத்தில் இறக்கிவிட்டான். ரோடு அங்கே முடிந்து ஒரு பாக்குத்தோப்பு ஆரம்பிக்கிறது. டவர் கிடையாது. போனைப் பார்த்தான், அது ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் சாய்ந்து கொள்ளலாம் என்று சீட்டைப் பின்னால் தள்ளினான். ஊரில் கூட்டம் குறைந்தது, மற்றவர்களெல்லாம் ஒன்றானார்கள். கூட்டம் குறைந்த சேதி அவனுக்கு மட்டும் எட்டவில்லை. வாயைத் திறந்தபடி, இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்து, அவன் தூங்கிப்போனான்.

வீட்டில் நாச்சிமுத்து அன்று ராத்திரி படுத்தபோது தூக்கம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஆனால் களைப்பும் இல்லை. நெல்மூட்டை இறக்கிவைத்த தோள் மாதிரி உடம்பு லேசாக இருந்தது. சும்மா படுத்திருப்பானேன் என்று எழுந்துபோய் வண்டியை எடுத்தான். அதற்குப் பிறகு அவன் படுக்கவே இல்லை. மலைப்பக்கம் சவாரி போன ஒருவர் திரும்பி வந்து, "நாச்சிமுத்தண்ணன் தோப்புக்குள்ள வண்டியப் போட்டுக் கொறட்டை விட்டுட்டுக் கெடக்கறாரு" என்று சொன்னபோது, அதே நாச்சிமுத்து அவருக்கு எதிரே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

சிக்கந்தர்தான் முதலில் போனான். வேண்டுமென்றே தன் பங்காளி ஒருவனைச் சாயங்காலம் கூத்தாண்டிப்பாறைக்கு ஓட்டிப்போகச் சொல்லி, நாச்சிமுத்துவின் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தித் தூங்கவிட்டான். "எனக்குக் கட்டி முடிக்காத வீடு ஒண்ணு நிக்குது. தூங்குனா அது எந்திரிக்குமா?" என்று அவன் சொன்னதாக அவன் மனைவி ஜீனத் பின்னால் சொன்னாள். அவனைப் பார்த்து இன்னொருவன், அவனைப் பார்த்து மற்றொருவன். தைப்பொங்கலுக்குள் தோப்பில் பாக்குமரங்களுக்கு இடையே வரிசையாக டாக்ஸிகள், ஒவ்வொன்றிலும் ஒரு டிரைவர் வாயைத் திறந்தபடி. தோப்புக்காரர் முதலில் சத்தம் போட்டார். பிறகு அவர்கள் யாரையும் தொந்தரவு செய்வதில்லை, பாக்கைப் பறிப்பதில்லை என்று கண்டு, வெயில் படாமல் தென்னங்கீற்று வேய்ந்து கொடுத்தார். அடிவாரத்து ஊர்களிலிருந்து தாய்மார் தூங்காத குழந்தைகளைக் கொண்டுவந்து கார்களின் முன்பக்கத்தில் துணி விரித்துக் கிடத்தினார்கள், குழந்தைகள் தூங்கின. மதுரைக்கு மட்டும் இருந்த தூங்காநகரம் என்ற பட்டம் இப்போது நமக்கும் வந்துவிட்டது என்று கோயம்புத்தூரில் பேசிக்கொண்டார்கள். கம்பெனி நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு மாலை போட்டு ஒரு கேடயம் கொடுத்தது.

மயிலாத்தா அந்தக் கேடயத்தை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தாள், அதற்குப் பக்கத்தில் நின்று கணவனைப் பார்த்தாள். அவன் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. கண் இமைப்பதுகூடக் குறைந்திருந்தது.

"சித்த நேரம் உக்காருங்க."

"எதுக்கு?"

"எதுக்கோ. உக்காருங்க."

உட்கார்ந்தான். அவள் ஊறுகாய் எடுக்கத் திரும்புவதற்குள் எழுந்துவிட்டான். "போலாமுங்களா?" என்று யாரையோ கேட்டான்.

மாசி பிறந்ததும், வெயில் ஏற ஆரம்பித்த ஒரு பகலில், சிக்கந்தர் சிக்னலில் நின்றான். பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்து, இறங்கி வந்து திட்டி, கடைசியில் கதவைத் திறந்து பார்த்தபோது, அவன் கால் பிரேக்கின் மேல் இருந்தது, கண்கள் திறந்திருந்தன, உயிர் இல்லை. அன்றே அவனை அடக்கம் செய்தார்கள். கூத்தாண்டிப்பாறையில் இருந்த சிக்கந்தர் அன்றும் தூங்கினான், மறுநாளும் தூங்கினான். மார்பு ஏறி இறங்கியது.

ஜீனத் விதவையா இல்லையா என்று ஜமாத்தில் வெகுநாள் பேசினார்கள். புருஷனைக் குழியில் வைத்து எல்லோரும் மண் தள்ளியிருக்கிறார்கள்; அதே புருஷன் தோப்பில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். கடைசியில் ஹஜ்ரத், "அடக்குனது சிக்கந்தரு. அங்க கெடக்கறது அவன் விட்டுப்போன தூக்கம். தூக்கத்துக்கு யாரும் பெண்டாட்டி கெடையாது, ஆனா அதப் பாக்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல" என்று முடித்தார். புருஷன் இறந்தால் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா நாட்களை ஜீனத் இருந்து முடித்தாள், அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறித் தோப்புக்கு வந்தாள்.

சிக்கந்தர் போனபிறகு மற்றவர்கள் பயந்துபோய்த் தங்கள் பங்காளிகளை எழுப்பப் பார்த்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், தோளை உலுக்கினார்கள், உருமி மேளம் அடித்தார்கள், முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். தூங்குகிறவர்கள் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தார்கள். வண்டியோடு லாரியில் ஏற்றிக் கட்டிக் கொண்டுபோனால், டவர் கிடைக்கிற வளைவுக்குப் போவதற்குள் லாரியில் வெறும் கயிறு மட்டும் இருக்கும். தோப்பில் பார்த்தால் வண்டி பழைய இடத்தில் நிற்கும். கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து, டிரைவர்கள்தானே, சவாரி என்றால் எழுந்துகொள்வார்கள் என்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஏர்போர்ட் போக வேண்டும், உக்கடம் போக வேண்டும் என்று வாய்க்கு வந்த இடங்களைச் சொல்லிப் பார்த்தார்கள். கம்பெனிக்காரர்களுக்கு நிஜத்தில் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. யாரும் எழுந்துகொள்ளவில்லை.

மயிலாத்தா ஒருநாள் விட்டு ஒருநாள் சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கண்ணாடியைத் தட்டி, "என்னங்க, உங்களத்தானுங்க" என்று கூப்பிடுவாள். பொழுது சாய்கிறவரை கூப்பிட்டுவிட்டு, சோற்றைக் காக்கைக்கு வைத்துவிட்டுப் போவாள்.

ஆடி மாதம் அடிவாரத்தில் சாரல் இல்லை, மழையே பிடித்துக்கொண்டது. அன்று வெள்ளிக்கிழமை. ஜீனத்தும் மயிலாத்தாவும் கீற்றுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க சத்தமாக் கூப்பிடறீங்கக்கா" என்றாள் ஜீனத். "எனக்குப் பயமா இருக்கு. அவரு எந்திரிச்சா, நான் போய்ட்டேனாமே, நெஜமான்னு கேப்பாரு. நான் என்ன சொல்றது?"

"நீ கூப்பிட வேண்டாஞ்சாமி" என்றாள் மயிலாத்தா. "நான் கூப்பிடாட்டி, எம்பட வூட்டுல தூங்காம நடமாடறவரும் போயிருவாரு."

அப்போதுதான் மழையில் மொபெட் ஒன்று வந்தது. டவர் கிடைக்கிற வளைவில் இளநீர்க்கடை போட்டிருந்தவர். தோப்புக்கு வருகிறவர்கள் அவசரத்துக்கு அவர் நம்பரைத்தான் வீட்டில் கொடுத்துவிட்டு வருவார்கள். வண்டியை நிறுத்தாமலே கத்தினார். "மயிலாத்தா அம்மிணி! உங்க வூட்டுக்காரர் ஹோப் காலேஜ்கிட்ட வண்டியவிட்டு எறங்குனவரு அப்படியே வுழுந்துட்டாருங்களாமா! பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்களாமா!"

மயிலாத்தா எழுந்தாள். செருப்பை மாட்டவில்லை, போசியை எடுக்கவில்லை. மழையில் நிற்கிறவளுக்கு எந்தக் கார் பக்கத்தில் இருக்கிறதோ அதன் கதவைத்தான் கை தேடும். தேடித் திறந்தாள், பின்சீட்டில் ஏறினாள், கதவை அடித்துச் சாத்தினாள். "பெரியாஸ்பத்திரிக்குப் போகோணுங்க, வெரசாப் போங்க!" என்றாள்.

கார்த்திகையிலிருந்து தூங்கியவன் கண்ணைத் திறந்தான். சீட்டை நிமிர்த்தினான். "பெரியாஸ்பத்திரிங்களா, செரிங்க" என்று சாவியைத் திருப்பினான். ஈரத்தில் அத்தனை மாதம் நின்ற வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது.

வளைவைத் தாண்டியதும் டவர் வந்தது. அவன் போன் விழித்துக்கொண்டு, இத்தனை மாதச் சேதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டிக் கதறியது. அவன் அதைப் பார்த்தான், கவிழ்த்து வைத்தான். சவாரி உள்ளே இருக்கும்போது எந்தப் பங்காளியும் மறைந்ததில்லை. ஆலாந்துறை தாண்டியது. பிறகு, எல்லா டிரைவர்களும் கேட்கிற மாதிரி, கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

"யாருக்குங்கம்மா ஒடம்பு செரியில்ல?"

"எங்க வூட்டுக்காரருக்கு."

"என்ன பண்ணுதாமா?"

"தூங்கறதில்லீங்க."

"எத்தன நாளா?"

"கார்த்திகையில இருந்து."

"அடக் கடவுளே. தூங்காம என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"வண்டி ஓட்டிட்டிருந்தாருங்க."

வைப்பர் அடித்துக்கொண்டிருந்தது. "நான் நல்லாத் தூங்கிட்டேனுங்க" என்றான். "ஒரே கனவு. ஒரு அம்மிணி போசியத் தூக்கிட்டு வந்து, எந்திரிங்க எந்திரிங்கன்னு கூப்பிட்டுட்டே நிக்குது. எந்திரிக்கோணும்னுதானுங்க பாத்தேன். ஆனா எங்க போகோணும்னு அது சொல்லவே இல்லீங்க."

மயிலாத்தா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பேரூர் வரைக்கும் வண்டி பறந்தது. செல்வபுரத்தில் நின்றுபோனது. கூட்ட நேரம். ஆளுக்கு ஒரு டாக்ஸி கிடைத்திருந்தது, ரோடு மட்டும் எல்லோருக்கும் ஒன்றே ஒன்றாக இருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் டாக்ஸிகள், அடுத்தடுத்த வண்டிகளில் அதே முகங்கள், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒருவர் போனைப் பார்த்தபடி. எதுவும் நகரவில்லை. பக்கத்து வண்டியில் இருந்த டிரைவர் திரும்பிப் பார்த்தான். நாச்சிமுத்துவின் முகத்தை அவனுக்குத் தெரியும். ஆனால் இந்த நாச்சிமுத்துவுக்குக் கன்னம் ஒட்டவில்லை, கண் தெளிந்திருந்தது, கன்னத்தில் சீட்டின் தையல் பதிந்திருந்தது.

"அண்ணா, நீங்க தோப்புல இருந்தவரா?"

"ஆஸ்பத்திரிக்குப் போகோணுமப்பா, வழி இல்ல" என்றான் நாச்சிமுத்து.

அந்த டிரைவர் தன் சவாரியிடம் திரும்பி ஏதோ சொன்னான். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கிய பெண், மழையைப் பார்த்தாள், தன் செருப்பைப் பார்த்தாள். "இன்னும் எவ்வளவு தூரம் நடக்கணும்?" என்று கேட்டாள். அவன் சொன்னான். அவள் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு இறங்கினாள். அவள் இரண்டு காலும் தரையில் பட்டதும் அந்த வண்டி முன்னால் நின்ற தன் இன்னொரு வண்டிக்குள் போய்ச் சேர்ந்தது, ஒரு வண்டி அளவுக்கு இடம் விட்டது. சேதி முன்னே போனது. சிலர் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள், சிலர் ஏன் எதற்கு என்று கேட்காமலே இறங்கினார்கள், காசு கொடுத்திருக்கிறேன் இறங்கமாட்டேன் என்று சிலர் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்களின் வண்டிகள் ஓரமாக ஒதுங்கின. முழங்கால் தண்ணீரில் ஜனங்கள் குடை பிடித்தும் பிடிக்காமலும் இருபக்கமும் நடந்தார்கள். நடுவில், மழைத்துளிகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டு போகிற கண்ணாடி மாதிரி, ரோடு தெளிந்துகொண்டே போனது. அதில் ஒரே ஒரு டாக்ஸி போயிற்று.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் மயிலாத்தா கதவைத் திறந்தாள், இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எறங்குங்கம்மா" என்றான் அவன்.

"எறங்குனா நீங்க போயிருவீங்க."

"எங்க போறேன்?" என்று முதல்முறையாகத் திரும்பி அவள் முகத்தை நேராகப் பார்த்தான். "உள்ளதான் மயிலு வர்றேன். எறங்கு."

அவள் இறங்கினாள். திரும்பிப் பார்த்தபோது வாசலில் வண்டி இல்லை. மழையில் நனையாத ஒரு நீளச் சதுரம் மட்டும் தரையில் இருந்தது, அதுவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நனைந்தது.

வார்டில் நாச்சிமுத்து கட்டிலில் கண்ணைத் திறந்தபடி கிடந்தான். மயிலாத்தா கிட்டே போய் நிற்கவும், அவன் வாய் திறந்தது, தாடை எலும்பு சத்தம் போட, நீளமாக, இத்தனை மாதமும் விடாத ஒரு கொட்டாவியை விட்டான். பக்கத்தில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நர்சு கொட்டாவி விட்டாள், அவளைப் பார்த்து அடுத்த கட்டில்காரர், அவரைப் பார்த்து அவருக்குத் துணைக்கு வந்தவர் என்று வார்டின் கடைசிவரை அது போயிற்று. பிறகு அவன் கண்ணை மூடினான். மயிலாத்தா பயந்துபோய் அவன் மூக்கருகே விரலை வைத்தாள். ஓடிவந்த டாக்டர் நாடியைப் பிடித்தார், நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார்.

"தூங்கறாரும்மா" என்றார். "எழுப்பாதீங்க."

அவள் எழுப்பவில்லை. அவன் ஆடி பதினெட்டையும் தூங்கிக் கழித்தான். அவன் தூங்கிய நாட்களில் மற்ற வீட்டுப் பெண்கள் தோப்புக்குக் கிளம்பிப் போனார்கள். பின்சீட்டில் ஏறிச் சும்மா சொன்னால் நடக்காது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், நிஜமாகவே போக வேண்டிய நேரம் வருகிறவரை அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுக் காத்திருந்தார்கள். ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்தது. ஒருத்திக்குப் பல்வலி. ஒருத்தி அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்து அலறிக்கொண்டு ஏறினாள், அவள் புருஷன் வழியெல்லாம் அவளை வைதுகொண்டே ஓட்டிப்போனான். புரட்டாசிக்குள் தோப்பு காலியானது, ஒரு வண்டியைத் தவிர.

அதற்குப் பிறகு டாக்ஸிக்காரர்கள் பிரியவில்லை. முடியாமல் போனதா, அவர்கள் மாட்டேன் என்றார்களா என்று யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. சாயங்காலமானால் கம்பெனியின் வரைபடம் மறுபடி சிவந்தது, ஜனங்கள் ரோட்டோரம் நின்று சலித்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் ஆபீஸ்கள் ஆட்களை முன்னே பின்னே விட ஆரம்பித்தன. ஒரே பக்கம் போகிறவர்கள், அறிமுகம் இல்லாவிட்டாலும், நீங்க பீளமேடா என்று கேட்டு ஒரே வண்டியில் ஏறினார்கள். கிடைக்காதவர்கள் பஸ்ஸுக்குப் போனார்கள், கிட்டத்தில் இருப்பவர்கள் நடந்தார்கள். காத்திருக்கிறவர்கள் ஒருவரோடொருவர் பேசினார்கள், அல்லது பேசாமல் நின்றார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் முடிந்தபோதெல்லாம் நாச்சிமுத்து ஜீனத்தைத் தோப்பில் கொண்டுபோய் விட்டான். திரும்பிவர அவள் அவனைக் காத்திருக்கச் சொல்வதில்லை, சாயங்காலம் பஸ்ஸில் வருவாள். ஒருநாள் அவன் வாய்விட்டுக் கேட்டான்.

"ஏம்மா, ஒருநாளைக்குப் பின்னாடி ஏறி, வூட்டுக்குப் போகோணும்னு சொல்லிப் பாக்கறதுதான? உன்ற குரலுக்கு எந்திரிப்பாரு."

"எந்திரிப்பாருண்ணே" என்றாள் ஜீனத். "கூட்டிட்டும் போவாரு. வாசல்ல நான் எறங்கோணுமே. நான் எறங்குனா அவரு சேர்றதுக்கு அங்க யாரு இருக்கா?"

அவன் வண்டியைத் திருப்பினான். அவள் தோப்புக்குள் நடந்துபோனாள். சிக்கந்தரின் வண்டியின் மேல் பாக்குமட்டைகள் விழுந்து கிடந்தன, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டாள். கண்ணாடியைத் துடைத்தாள். உள்ளே அவன் மார்பு ஏறி இறங்கியது. பின்கதவின் பக்கம் அவள் போகவில்லை. முன்பக்கம் தரையில் உட்கார்ந்து, வாரத்தில் நடந்ததை மெதுவான குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள், வீட்டுக்குத் தளம் போட்டதை, சின்னவள் பரீட்சை எழுதியதை. அந்த இடத்தில் தனக்கு அவசரம் என்று ஒன்று வந்துவிடக் கூடாது என்பதில் அவள் கவனமாக இருந்தாள். வீட்டில் அடுப்பை இரண்டுமுறை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள், பிள்ளைகளுக்கு லேசாகக் காய்ச்சல் என்றாலும் அந்த வாரம் வரமாட்டாள், மழை இருட்டினால் முன்னதாகவே எழுந்துவிடுவாள்.

அன்று பேச்சில் நேரம் போனது தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்டது, வளைவில் கடைசி பஸ் ஹாரன் அடித்தது. ஜீனத் எழுந்து, முக்காட்டைச் சரிசெய்து, சிக்கந்தரின் வண்டியைத் தாண்டி, ஒரு பார்வையும் பின்கதவின் மேல் விழாமல், ரோட்டில் இறங்கி நடந்தாள். "ஓடியாம்மா, ஓடியா!" என்று கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார். அவள் ஓடவில்லை. நனைந்தபடி, எப்போதும் நடக்கிற நடையிலேயே நடந்து வந்தாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார், டிரைவர் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார், உள்ளே இருந்தவர்கள் ஜன்னலைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அவள் வந்து ஏறுகிறவரை பஸ் நின்றது.